வியப்பைக் கைவிடாத மேதை ஜி. டி. நாயுடு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் நம் பெரியோர். ஆனால் முளையிலே பார்த்து எவராலும் கணிக்க முடியாத பயிர் ஒன்றும் நம் கொங்கு மண்ணில் விளைந்தது. பள்ளிக்கூடத்தை வெறுத்து, ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி வீசிய சிறுவன் ஒருவன், பின்னாளில் கோவை மாநகரமே பெருமை கொள்ளும் தொழில் மேதையாக உயர்ந்தான் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தாம் ஜி. டி. நாயுடு என அழைக்கப்பெறும் கோபால்சாமி துரைசாமி நாயுடு.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வகுப்புகளில் நாங்கள் ஓயாது கேள்வி கேட்டோம். மின்மினி ஏன் மின்னுகிறது? மின்விசிறியைச் சுழற்றுவது எது? இவ்வாண்டு எங்களிடம் எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: இது பொதுத் தேர்வில் வருமா, வராதா? வீட்டிலும், இனி நாங்கள் சிறு பிள்ளைகள் அல்லர் என்று அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். பொறுப்பு வந்தால் வியப்பு விடைபெற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? இக்கேள்விக்கு நாயுடு அவர்களின் வாழ்க்கையிலே விடை கிடைத்தது.

அவர் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வியோடு பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. தோட்ட வேலை செய்துகொண்டே தாமாகப் படிக்கலானார். அந்நாளில் அவ்வூர்ப் பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிய ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே! அந்த வியப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

வியந்ததோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கோவைக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, மீண்டும் பூட்டினார். பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் குழந்தையின் செயல்தான் இது. ஆனால் அந்தப் பொம்மைக்கு விலை கொடுத்தது அவருடைய சொந்த உழைப்பு.

பின்னர் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதை இழந்தார். மனம் தளரவில்லை. ஸ்டேன்ஸ் துரையின் உதவியுடன் ஒரு பேருந்தை வாங்கி, 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டி வளர்ந்து, யு.எம்.எஸ். என்னும் நிறுவனமாகி, 1933-இல் ஏறத்தாழ 280 பேருந்துகளைக் கொண்டிருந்தது.

இத்தனை பேருந்துகளுக்கும் தொழிலாளருக்கும் பொறுப்பேற்ற ஒருவருக்கு வியக்க நேரம் ஏது என்று நாம் நினைக்கலாம். அவருக்கு இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மின்சாரச் சவரக் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் கை வைக்காத துறை இல்லை. பருத்திச் செடியையும் பப்பாளியையும்கூட அவர் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். 1937-இல் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார மோட்டார் உருவாகச் செய்தார். கவலை ஏற்றத்தில் காளைகளைப் பூட்டி ஆழ்கிணற்று நீரை இறைத்து வந்த கொங்கு உழவருக்கு மோட்டார் என்பது எத்தகைய பேறு என்பதை நம் பாட்டனார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒருவருடைய வியப்பு ஓர் ஊரின் தாகத்தையே தணிக்கும்!

தோல்விகளும் அவரை விட்டுவைக்கவில்லை. 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். அதைத் தொழிற்சாலையில் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. ஆயினும் புதியதைத் தேடும் ஆர்வம் அவரிடம் குன்றவில்லை. 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். இன்று அவிநாசி சாலையில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்தில் அந்தக் கருவிகளை நாம் காணலாம்.

அப்படியானால் நாமும் பள்ளியை விட்டு ஓடிவிடலாமா என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பள்ளியை வெறுத்த அவரே, 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாயிருந்தார். அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அவர் வெறுத்தது கல்வியை அன்று. வியப்பு இல்லாத கல்வியையே என்று நாங்கள் எண்ணுகிறோம்.

அன்புத் தோழியரே! விடுதியில் பரிமாறிய நாட்களில் அவர் வியப்பை மறந்திருந்தால், ஒரு பரிமாறுபவராகவே இருந்திருப்பார். உழைக்காமல் வியந்துகொண்டு மட்டும் இருந்தால், வழிப்போக்கர் வண்டியை வேடிக்கை பார்த்தவராகவே இருந்திருப்பார். பொறுப்பும் வியப்பும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஆகவே தேர்வுக்கு வருவதை நன்கு படிப்போம். வராததையும் தயங்காமல் கேட்போம். ஆசிரியைகளும் பெற்றோரும் எங்கள் கேள்விகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். வீட்டு வேலையில் நாங்கள் கை கொடுப்போம். கொஞ்சம் வியந்து நிற்கவும் எங்களுக்கு நேரம் கொடுங்கள்!