கை கொடுத்து நீதி காத்தவன்

உழைத்துப் பிழைப்பவனுக்குக் கைதான் முதல். வைட்டிலா வட்டாரத்தில் கட்டட வேலைக்கும் மரவேலைக்கும் போய்வரும் நம்மவர் இதை நன்கறிவர். அந்தக் கையையே நீதிக்காகத் துணித்துக்கொண்டவன் ஒரு தமிழ் மன்னன்.

மதுரையில் கீரந்தை என்னும் ஏழை அந்தணன் இருந்தான். அவன் வெளியூர் புறப்பட்டபோது, தனித்திருக்க மனைவி அஞ்சினாள். அரசனின் காவலே உனக்கு வேலி என்று தேற்றிவிட்டுப் போனான். நகர் சுற்றி வந்த பாண்டியன் காதில் அது விழுந்தது. அன்று முதல் இரவுதோறும் அவ்வீட்டைத் தானே காத்தான்.

ஒருநாள் இரவு உள்ளே ஆண்குரல் கேட்டது. ஐயுற்ற மன்னன் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவனோ ஊர் திரும்பிய கீரந்தை! அப்பெண்மேல் பழி வந்துவிடுமே என்று பதறிய மன்னன், தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு மறைந்தான்.

மறுநாள் தெருவார் அரசவையில் முறையிட்டனர். குற்றவாளியின் கையை வெட்டுவதே தண்டனை என்றனர் அவையோர். மன்னன் தன் கையையே வெட்டிக்கொண்டான். பின்னர் பொன்னால் கை செய்து பொருத்தினர். பொற்கைப் பாண்டியன் என்னும் பெயர் நிலைத்தது.

விரிவான இக்கதை மக்கள் வழக்கில் வளர்ந்தது. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு இதைச் சுருக்கமாகக் கூறுகிறது. பழமொழி நானூறும் கை குறைத்த தென்னவனைப் போற்றுகிறது.

பொன் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், மென்மையானதும்கூட. எனவே பொற்கை பெருமைக்கு உதவுமே தவிர, வேலைக்கு உதவாது. ஜெர்மன் வீரன் கோட்ஸ் 1504-ல் லாண்ட்ஸ்ஹுட் முற்றுகையில் பீரங்கியால் வலக்கையை இழந்தான். அவனுக்கு இரும்புக் கை செய்தனர். அதன் விரல்களை மறுகையால் மடக்கினால் பற்சக்கரம் பிடித்து நிறுத்தும். பொத்தானை அமுக்கினால் விரியும். பின்னாளில் எடை குறைக்க மரமும் தோலும் பயன்பட்டன.

இன்றோ, இறந்தவர் குடும்பம் மனமுவந்து தந்தால் உயிருள்ள கையையே பொருத்துகிறார்கள். இந்தியாவில் முதன்முதலாக இரு கைகளையும் மாற்றிப் பொருத்தியது 2015-ல், நம் வைட்டிலாவுக்கு அருகே இடப்பள்ளி அமிர்தா மருத்துவமனையில்தான்.

பாண்டியனுக்குப் போன கை திரும்பவில்லை. ஆனால், ஆள்பவனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்று அவன் காட்டிய நெறி, பொன்னைவிட நீடித்து நிற்கிறது.