மாமைட் போத்தலும் லூசி வில்ஸ் அம்மையாரும்

காலையில் பாணில் மாமைட் பூசிச் சாப்பிட்டுவிட்டு, மணியடிக்குமுன் கண்டி வீதிகளில் ஓடிவந்த நாங்கள், அந்தக் கறுப்புப் போத்தலுக்குப் பின்னால் ஒரு பெண் வைத்தியரின் வாழ்வு இருந்ததை அன்று அறியவில்லை.

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தார். எங்களைப் போலவே பெண்கள் கல்லூரி ஒன்றில், செல்ட்டன்ஹாமில், கற்றார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்துத் தேறியும், பெண் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை. 1913இல் தாயாருடன் எங்கள் இலங்கைக்கும் வந்து சென்றார். பின்னர் லண்டனில் மருத்துவம் கற்று, 32ஆவது வயதில் வைத்தியரானார்.

1928இல் பம்பாய் சென்றார். அங்கே ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான குருதிச்சோகையால் வருந்தினர், சிலர் இறந்தனர். அவர்களுடைய செங்குருதிக் கலங்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. காரணம் உணவா, கிருமியா என்று அறிய லூசி எலிகளை வைத்து ஆராய்ந்தார். சத்துக் குறைந்த உணவு உண்ட கர்ப்பிணி எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தபோது வரவில்லை. ஆனால் அந்த எலிகளில் பேன் மூலம் பரவும் கிருமித்தொற்று ஒன்றும் இருந்தது. அதுவும் குருதியைக் குறைத்திருக்கலாம். ஆகவே கிடைத்த முடிவோடு திருப்தியடையாமல், றீசஸ் குரங்குகளிலும் ஆய்வைச் செய்து உறுதிப்படுத்தினார். தாய்மாருக்கும் மாமைட் கொடுத்தார், அவர்கள் தேறினர். 1931இல் இதை உலகுக்கு அறிவித்தார். விலை கூடிய ஈரல் சாறு வாங்க முடியாதவர்களுக்கும் மருந்து கிடைத்தது. மாமைட்டிலிருந்த அந்தச் சத்துத்தான் போலிக் அமிலம். 1941இல் அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பெயர் பெற்றது. லூசி 1964இல் மறைந்தார்.

இன்று கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் தாய்மாரின் வெளிறிய கண்மடலைப் பார்க்கும்போது, லூசியின் எலிகள் எங்கள் நினைவுக்கு வருகின்றன. குருதி குறைவதற்கு உணவு மட்டுமே காரணமல்ல. நாட்பட்ட தொற்றோ அழற்சியோ இருந்தால், உடல் இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டிவைக்கும். என்பு மச்சையில் கலங்கள் உருவாவதும் மந்தமாகும். அப்போது இரும்புக் குளிசை மட்டும் போதாது, மூலகாரணத்தையும் தேடவேண்டும்.

எங்கிருந்தாலும் அன்புச் சகோதரிகளே, உங்கள் மகளோ மருமகளோ தாயாக எண்ணும்போதே போலிக் அமிலக் குளிசையைத் தொடங்கச் சொல்லுங்கள். சோர்வு நீடித்தால் குருதியைச் சோதித்து, ஏன் குறைந்தது என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். லூசி அம்மையார் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியும் அதுவே.