செம்பியன் மாதேவியார்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர்ப் பகுதியையும் தழுவியிருந்தது மழநாடு. அந்நாட்டு மழவரையர் குடியில் தோன்றிச் சோழ மன்னர் கண்டராதித்தருக்குத் தேவியானவர் செம்பியன் மாதேவியார். ஏறத்தாழ 957ஆம் ஆண்டில் கணவரை இழந்த அம்மையார், பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம்பால் இருந்த அரச செல்வத்தைச் சிவத்தொண்டிலே செலவிட்டார். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்தார்.

திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது, முன்னோர் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் அழியாவண்ணம் படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவர்களில் பொறிக்கப்பெற்றன. தாம் பெருங்கொடை அளித்தும், பிறர் ஈந்த சிறுகொடையை மறைக்க ஒருப்படாத உள்ளம் அது!

அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தத்தில் அம்மையார் பெயர் தாங்கிய பேரேரி இன்றும் உள்ளது. ஈட்டிய பொருள் அழியும். ஈந்த பொருளே நிலைக்கும்.