ஜகதீச சந்திர போஸ்

கம்பியில்லாத் தந்தி என்றவுடன் மார்க்கோனியின் பெயரே நம் நாவில் எழுகின்றது. அப்பெயரை உலகறியும் முன்னரே, வங்கக் கடலின் மறுகரையாம் கல்கத்தாவில், கண்ணுக்குப் புலனாகாத அலைகளால் மணியடித்துக் காட்டிய பேரறிஞர் ஒருவர் இருந்தார்.

போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், கைதிகள் குடியேற்றப்பட்ட 1858 ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 30 ஆம் நாள் ஜகதீச சந்திர போஸ் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார்; செம்படவர் பிள்ளையும் பணியாளர் பிள்ளையும் அங்கே உடன் பயின்றனர். பின்னர்ப் போஸ் இங்கிலாந்தில் கற்று, 1885 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார்.

சம்பளப் பட்டியலோடு காலந்தள்ளும் எம்போன்ற குமாஸ்தாக்கள் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு. வேலை தற்காலிகமென்று அதிலும் பாதி. போஸ் வேலையை விட்டு விலகவில்லை. வகுப்புகளை ஒழுங்காக நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று ஆண்டுகள்! வீட்டிலோ தந்தையாரின் கடன் சுமை. இறுதியில் நிர்வாகம் இணங்கி, முழு ஊதியத்தையும் ஆரம்ப நாளிலிருந்தே கணக்கிட்டு வழங்கிற்று. அரியர்ஸ் வாங்கியோர் பலரை யாம் அறிவோம். இவ்வாறு வாங்கியவரை அறியோம். அப்பணம் கடனடைக்கச் சென்றது.

ஒளி, வானொலி அலை, எக்ஸ் கதிர் யாவும் ஓரினத்து மின்காந்த அலைகளே. அலைநீளம் மட்டுமே வேறு. ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் உண்டாக்கியவை நீண்ட அலைகள். அவையும் ஒளிபோலவே நடப்பதை ஒரு மேசையின்மேற் காட்டவேண்டின் அலை குறுகவேண்டும். கல்லூரியின் சிற்றறையொன்றில், தகரக் கொல்லர் ஒருவரைத் துணைக்கொண்டு, 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளைப் போஸ் உண்டாக்கினார். 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் காட்டிய சோதனையில், அலை சுவரை ஊடுருவி அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. அலை தானே மருந்தைச் சுடவில்லை. அது ஒரு மின்சுற்றை இயக்க, அச்சுற்றே கொளுத்திற்று.

இவ்வேறுபாட்டை உணராதோர் கைப்பேசிக் கோபுரத்தைக் கண்டு அஞ்சுகின்றனர். அவ்வலைகளுக்கு அணுவைச் சிதைக்கும் வலிமை இல்லை. மிகுந்த செறிவில் உடலைச் சூடாக்கும், ஆதலின் அதற்கு வரம்பு விதித்துள்ளனர். எக்ஸ் கதிரும், வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் அத்தகையன அல்ல. உயிரணுவைக் கெடுக்க வல்லவை. கோபுரத்திற்கு அஞ்சும் தாய்மார் சிலர், உச்சிவெயிலிற் பிள்ளைகளைக் கடற்கரையில் ஆட விடுவதை யாம் காண்கின்றோம்.

போஸ் தம் கண்டுபிடிப்புகளை விற்க விரும்பவில்லை. நண்பர் வற்புறுத்தலாற் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையையும் (1904) காலாவதியாக விட்டார். பெருந்தன்மையே, ஆயினும் புகழில் ஒரு பங்கும் அதனோடு போயிற்று என்பது எம் எண்ணம். அக்காலத்திலேயே இத்தீவுக்கும் பர்மாக் கரையிலுள்ள டைமண்ட் தீவுக்குமிடையே கம்பியில்லாத் தந்தி நடைபெறலாயிற்று. கப்பலையே நம்பியிருந்த தீவுக்கு அது எத்தகைய வரம் என்பதைப் பழங்குடித்தனக்காரரிடம் கேட்டறியலாம்.

பின்னாளிற் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த போஸ், 1917 இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, 1937 நவம்பர் 23 அன்று கிரீதியில் மறைந்தார். அவர் கையாண்ட கருவிகள் கல்கத்தாவில் அந்நிலையத்திலேயே பாதுகாக்கப்பட்டுள்ளன. கப்பலேறி அந்நகர் செல்லும் நம் குடும்பத்தார் விசாரித்துச் சென்று காணலாம்.