தொப்பி கழற்றாத ஓவியர்

காலையில் நாளிதழில் தோன்றி மாலையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும் கலை சித்திரத்தொடர். அக்கலைஞருள் கவிஞர்கள் தம்மவராகவே ஏற்றுக்கொண்ட ஒருவர் அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் ஹெர்ரிமன்.

இவர் 1880ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தையற்றொழில் செய்தவர். குடும்பம் ஆப்பிரிக்கக் குருதியும் ஐரோப்பியக் குருதியும் கலந்த கிரியோல் மரபினது. 1890இல் லூசியானா மாநிலம், தொடர்வண்டியில் வெள்ளையருக்கும் கருநிறத்தாருக்கும் தனித்தனிப் பெட்டி எனச் சட்டம் செய்தது. அதனையொட்டிய காலத்திலேயே அக்குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்து, வெள்ளையர் என்றே வாழத் தலைப்பட்டது. பத்திரிகை நண்பர்கள் ஹெர்ரிமனைக் கிரேக்கர் என்று அழைத்தனர். வீட்டினுள்ளும் தொப்பியோடு காணப்பட்டவர் அவர். சுருண்ட முடியை மறைக்கவே அவ்வழக்கம் என்று பிற்காலத்தார் கருதுவர்.

1910இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வேறொரு குடும்பத்தின் கதையை வரைந்துவந்தார். கட்டங்களின் அடியில் எஞ்சிய சிற்றிடத்தில், பொழுதுபோக்காகவே, ஒரு பூனையையும் எலியையும் வரைந்தார். ஜூலை 26இல் அவ்வெலி பூனையின் தலைமேல் முதன்முதலாகக் கல்லெறிந்தது. அந்த அடிக்குறிப்பே 1913இல் 'கிரேசி கேட்' என்னும் தனித்தொடராயிற்று.

கதை மிகச் சிறிது. பூனை எலியைக் காதலிக்கின்றது. எலியோ வெறுத்துச் செங்கல்லை எறிகின்றது. எறிந்த கல்லைக் காதற் கொடையெனக் கொண்டு பூனை மகிழ்கின்றது. பூனையிடம் மனம் பறிகொடுத்த காவலராகிய நாய் எலியைச் சிறையிலிடுகின்றது. முப்பதாண்டு இதுவே நிகழ்ந்தது. நம் இலக்கணம் கைக்கிளை என்னும். ஆயினும் அடியையே அன்பாகப் படிக்கும் இப்பூனைக்கு அச்சொல் போதுமா என்பது ஐயமே. பூனை ஆணா பெண்ணா என்பதையும் ஹெர்ரிமன் முடிவு செய்யவில்லை. ஒருநாள் ஆணாகவும் மறுநாள் பெண்ணாகவும் எழுதினார்.

அரிசோனாப் பாலைநிலத்தையும் அங்கு வாழும் நவாஹோ மக்களின் கலையையும் அவர் பெரிதும் விரும்பினார். அந்நிலத்துக் கோகொனினோ வட்டமே அவர்தம் கதைக்களம். பேச்சு தொடர்ந்து நிகழ, பின்னணியில் பாறை மரமாகும், பகல் இரவாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பயின்ற நமக்கு, முதற்பொருளே கட்டத்துக்குக் கட்டம் நழுவும் இவ்வுலகம் திகைப்பூட்டுவது. பூனையின் மொழியும் அத்தகையதே. ஸ்பானியமும் பிரெஞ்சும் யிட்டிஷும் தெருப்பேச்சும் அதில் கலந்து கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுப் பக்கத்தில் கரிய பூனை அழகுநிலையம் சென்று வெளுத்து வருகின்றது. யாரென்று அறியாத எலி காதல் கொள்கின்றது. அறிந்த கணமே செங்கல் பறக்கின்றது. அன்று அதைக் கண்டு சிரித்தோர்க்கு வரைந்தவரின் பிறப்பு தெரியாது. பிறப்புப் பதிவேட்டில் அவர் கருநிறத்தார் என்று எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது 1971இல்தான்.

தொடரை விரும்பிய வாசகர் குறைவு. பதிப்பாசிரியர் பலர் வெறுத்தனர். உரிமையாளர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் விரும்பியதனாலேயே அது நிலைத்தது. அரசியலில் அச்செல்வர் செய்தவை பல கண்டிக்கத்தக்கன. இவ்வொன்றுக்காக அவரை வாழ்த்தலாம். 1922இல் ஜான் ஆல்டன் கார்ப்பென்டர் இதனை நாட்டிய நாடகமாக்கினார். 1924இல் திறனாய்வாளர் கில்பர்ட் செல்டஸ் தம் நூலில் உயர்கலை எனப் போற்றினார். 1946இல் வந்த தொகுப்புக்குக் கவிஞர் கம்மிங்ஸ் முன்னுரை எழுதினார்.

அம்முன்னுரையை ஹெர்ரிமன் காணவில்லை. 1931இல் மனைவியை விபத்தில் இழந்தார். 1939இல் இளைய மகளையும் இழந்தார். 1944 ஏப்ரல் 25இல் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இறப்புச் சான்றிதழ் அவரை வெள்ளையர் என்றது. சாம்பல் அவர் விரும்பிய பாலைநிலத்தில் தூவப்பட்டது. வரைமேசைமீது பென்சில் கோடுகளோடு சில கட்டங்கள் முற்றுப்பெறாமல் கிடந்தன. ஓவியர் இறந்தால் வேறொருவரை அமர்த்தித் தொடர்வது பத்திரிகையுலக வழக்கம். 'கிரேசி கேட்'டுக்கு அவ்வாறு எவரையும் அமர்த்தவில்லை. முன்னரே வரைந்து கொடுத்திருந்த கடைசி ஞாயிற்றுப் பக்கம் ஜூன் 25இல் வெளிவந்தது. அதில் நாய், நீரில் மூழ்கிய பூனையைத் தூக்கி வருகின்றது.