பேராசிரியர் ஹால்டேனும் பரம்பரை நோயும்

ஜூபிலி மலர் என்றால் அதில் புனிதர் ஒருவருடைய சரிதையைத்தான் பங்கு மக்கள் எதிர்பார்ப்பார்கள். நாம் எழுத முற்படுவதோ கடவுள் நம்பிக்கை அற்ற ஒருவருடைய வாழ்க்கையை. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாய் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானியே அவர். இவரை ஏன் தேர்ந்தோம் என்பது போகப் போக விளங்கும்.

1892 நவம்பர் 5 ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சுரங்கங்களில் தேங்கும் விஷவாயுக்களை ஆராய்ந்தவர். பிள்ளையையும் சுரங்கத்துக்கு அழைத்துச் செல்வார். ஒரு முறை வாயு நிறைந்த இடத்தில் பையனை நிறுத்தி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பகுதியை ஒப்பிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் பையன் மூச்சு முட்டிக் கால் மடங்கி விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தபடியால் பிழைத்தான். அந்த வாயு மேலேயே நிற்கும் என்று தந்தை பாடம் நடத்திய விதம் அது! நம் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

தம் உடம்பையே சோதனைக்குக் கொடுக்கும் துணிவு அவருக்கு இப்படித்தான் வந்தது போலும். 1939 இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபோது, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று அறிய அடைத்த அறைக்குள் தாமே போய் உட்கார்ந்தார். இத்தகைய சோதனை ஒன்றில் வலிப்புக் கண்டு முதுகெலும்பு நசுங்கிற்று. அந்த வலி கடைசி வரை அவரை விடவில்லை.

கல்லூரியில் அவர் பயின்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும். விஞ்ஞானத்தில் பட்டம் எதுவும் பெற்றதில்லை. ஆயினும் 1933 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பரம்பரையியல் பேராசிரியர் ஆனார். பரம்பரையின் விதிகளை முதலில் கண்டவர் நம் திருச்சபையின் துறவி, அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் அவர் கண்டு 1866 இல் வெளியிட்டதை, மனிதரின் நோய்களுக்குக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஹால்டேன் முக்கியமானவர்.

ஹீமோபிலியா என்றொரு நோய் உண்டு. சிறு காயம் பட்டாலும் இரத்தம் எளிதில் உறையாது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே பிடிக்கும். நம் நெசவாளர் குடும்பங்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. முறுக்கிய பட்டு நூலில் ஓர் இழை நைந்திருந்தாலும் மற்ற இழை தாங்கிக்கொள்ளும். இரத்தத்தை உறையச் செய்யும் இந்த இழை பெண்ணுக்கு இரண்டு. ஆணுக்கோ தாயிடமிருந்து வரும் ஒன்றே ஒன்று. ஆகவே நைந்த இழை ஒன்றைச் சுமக்கும் தாய் நலமாயிருக்க, அதைப் பெற்ற மகன் நோயாளியாகிறான்.

இங்கே ஹால்டேன் ஒரு கேள்வி கேட்டார். அக்காலத்தில் இந்நோயுள்ள பிள்ளைகளில் அநேகர் கலியாண வயதுக்கு முன்பே இறந்தார்கள். அப்படியானால் நோய் ஏன் சில தலைமுறைகளில் அற்றுப்போகவில்லை? இழந்த அளவுக்கு அந்த நைவு புதிதாகவும் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு 1935 இல் வெளியிட்டார். ஏறத்தாழ 50,000 இல் ஒரு தடவை அது தானாக நேர்கிறது என்றார். விக்டோரியா மகாராணியின் வமிசத்தில் பரவிய இந்நோய்கூட அவருடைய தந்தையிடம் புதிதாய் ஏற்பட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து.

பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் ஆண்டவரைக் கேட்டது நமக்குத் தெரியும். ஆண்டவர் தந்த பதிலும் தெரியும். இருந்தும் குறையுள்ள பிள்ளை பிறந்தால் மருமகளைத் தூற்றும் வீடுகள் நம்மிடையே இல்லையா? சாபம் என்று சொல்லி மாந்திரீகனிடம் போகிறவர்கள் இல்லையா? யாருடைய குற்றமும் இன்றியே நைவு நேரும் என்பதை ஒரு நாத்திகர் எண்களால் காட்டிவிட்டார்.

1957 இல் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்திய உடை உடுத்தினார், மாமிசத்தை விட்டார், பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே, கண்ணும் கணக்கும் கொண்டு இந்நாட்டில் நல்ல ஆராய்ச்சி செய்யலாம் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர்களில் ஒருவரான கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் உறவுக்குள் நடக்கும் கலியாணங்களை ஆராய்ந்தார்.

இது நம் வீட்டுச் சங்கதி. ஒரே பாட்டனிடமிருந்து வந்த நைந்த இழை மாமன் மகளிடமும் அத்தை மகனிடமும் மறைந்திருக்கலாம். இருவரும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நைந்த இழைகளே இரண்டும் வந்து சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அக்காள் மகளை மணப்பதில் அபாயம் இன்னும் அதிகம். இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வீண் பயம் வேண்டாம். ஆனால் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி மாமன், அத்தை பிள்ளைகளின் உறவு நான்காம் படி, அக்காள் மகள் உறவு மூன்றாம் படி. இரண்டும் விலக்கு இன்றிச் செல்லாத விவாகங்கள். பத்திரிகை அச்சடித்து, சேலையும் எடுத்த பிறகு விலக்குக் கேட்டு நம்மிடம் ஓடிவருகிறார்கள்! ஓலை வாசிப்பதற்கு நெடுநாள் முன்பே வரவேண்டும், குடும்பத்தில் பிறவி நோய் உண்டானால் மருத்துவரையும் கண்டு வரவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

ஹால்டேன் சில ஆண்டுகள் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தார். கத்தோலிக்கரான ஆர்னால்டு லன் என்பவரோடு விசுவாசத்தைப் பற்றிக் கடிதங்களில் வாதாடினார். அவை 1935 இல் நூலாக வந்தன. அந்த வாதத்தில் நாம் லன் பக்கமே. எனினும் எதிராளியின் கடிதங்களோடு சேர்த்து அச்சிட இசைந்தாரே, அந்த நேர்மையை மதிக்கிறோம்.

1962 இல் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். புற்றுநோய் கண்டபோது, மக்கள் அஞ்சாமல் காலத்தில் மருத்துவரிடம் செல்லட்டும் என்று அதைப் பற்றியே வேடிக்கைக் கவிதை ஒன்று எழுதி வெளியிட்டார். 1964 டிசம்பர் 1 ஆம் நாள் புவனேசுவரத்தில் இறந்தார். அவர் விருப்பப்படி, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.