சர் ஹியூ லோ

கோலா கங்சாரின் முதிய ரப்பர் மரத்தை நாம் அறிவோம். அதனோடு இணைந்த பெயர் சர் ஹியூ லோ.

இவர் 1824 ஆம் ஆண்டு இலண்டனில், நாற்றுத்தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே சரவாக் காடுகளில் அலைந்து செடிகளையும் பிராணிகளையும் சேகரித்தார். அங்குக் கிடைத்த, எலியளவே உள்ள இறகுவால் பிராணி ஒன்றுக்கு 1848 இல் இவர் பெயரே சூட்டப்பட்டது.

1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடெண்டாக விளங்கினார். இவர் இல்லத்தில் வளர்ந்த வாலில்லாக் குரங்குகள் விருந்தினரோடு மேசையில் அமர்ந்து உண்டனவாம்! அவ்வில்லத் தோட்டத்தில் 1877 இல் ரப்பர் கன்றுகள் நடப்பெற்றன. அம்மரத்திற்காகவே பின்னர்க் காடுகள் அழிக்கப்பட்டன. பால்மரம் வெட்ட நம் முன்னோரும் கடல் கடந்து வந்தனர். காட்டுயிர்களை நேசித்தவர் தோட்டத்திலிருந்தே இது தொடங்கியது விந்தையன்றோ?

லோ 1905 இல் இத்தாலியில் காலமானார். அவர் பெயர் தாங்கிய சிற்றுயிர் பேராக்கின் செகாரி காட்டில் இன்றும் வாழ்கிறது. இரவுதோறும் பெர்த்தாம் பனைப்பூவின் புளித்த தேனைப் பருகியும் அது தள்ளாடுவதில்லை என 2008 இல் ஆய்வாளர் கண்டனர்.